அம்மன் சொன்ன வரியை வெட்டாதீர்கள்: பாரத விழாக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விழாக் குழுப் பெரியவர்களுக்கும், ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

செய்யாறு, வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் வெயில் ஏற ஏற ஊருக்கு ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைக்கிற, அதாவது பாரதக் கதையை இரவிரவாகக் கூத்தாக ஆடவைக்கிற பேச்சும் ஏறும். எங்கள் ஊரிலும் தொடங்கிவிட்டது. எந்த ஜமா (கூத்துக் குழு), எத்தனை இரவு, பந்தல் யாருடையது, மைக்செட் யாருடையது என்ற வழக்கமான பேச்சோடு இந்த முறை புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. ஜமாவை நடத்துகிற வாத்தியாருக்குத் தாம்பூலம் கொடுக்கும்போதே நிபந்தனை போட்டுவிட வேண்டுமாம். சூதாட்டமும் துகிலுரிதலும் ஆடுகிற பகடை துகில் அன்றைக்குத் திரௌபதி தான் மாதவிலக்காகி இருப்பதைச் சொல்கிற இடத்தை எடுத்துவிட வேண்டும். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் பச்சையாகப் பேசக் கூடாது. சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், எவனாவது செல்போனில் எடுத்துப் போட்டுவிடுகிறான், ஊர் மானம் போகிறது என்று காரணம். பக்கத்து ஊர்களிலும் இதே பேச்சுதான் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் ஓர் ஊர்க் குழுவுக்கு என்று எழுதாமல் எல்லாக் குழுக்களுக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

நான் இந்தப் பக்கத்துப் பெண். அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். கூத்தாடும் குடும்பம் இல்லை; கோரைப்பாயும் போர்வையும் தூக்கிக்கொண்டு போய் இடம் பிடித்து விடிய விடியப் பார்த்த கூட்டத்தில் ஒருத்தி. உங்களில் பாதிப் பேர் எனக்கு மாமன், சித்தப்பன் முறை. அந்த உரிமையில் பேசுகிறேன். கோபம் வந்தால் நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வரியை எடுத்துக்கொள்வோம். தருமன் நாட்டை வைத்துத் தோற்கிறான், தம்பிகளை வைத்துத் தோற்கிறான், தன்னை வைத்துத் தோற்கிறான், கடைசியில் பெண்டாட்டியையும் வைத்துத் தோற்கிறான். அந்தப்புரத்துக்கு ஆள் போகிறது. அவள் வர மறுக்கிறாள். விலக்காகி, ஒற்றை வஸ்திரத்தோடு ஒதுங்கி இருக்கிறாள். இது நம் வாத்தியார்கள் கற்பனையில் சேர்த்த சங்கதி இல்லை, வியாச பாரதத்திலேயே இருப்பது. பாஞ்சாலி சபதம் எழுதிய பாரதியும் அதை மழுப்பவில்லை. மாதவிலக்கு என்று நேராகவே அவளைச் சொல்லவைத்தார். கூத்தில் அவள் ஒரு தரம் சொல்லிவிட்டு நிறுத்துவதில்லை. கூந்தலைப் பிடித்து இழுத்து வருகிறவனிடம் கெஞ்சலாகச் சொல்கிறாள், சபைக்கு வந்தபின் பீஷ்மரையும் துரோணரையும் பார்த்துச் சொல்கிறாள், ஐந்து புருஷர்களையும் பார்த்து அழுதுகொண்டே சொல்கிறாள். அந்த வரியை எடுத்துவிட்டால் அவள் ஏன் வர மறுத்தாள் என்பதற்குக் காரணம் கிடையாது. துச்சாதனன் செய்தது என்ன அளவுக் கொடுமை என்பதில் பாதி கரைந்துவிடும். சபையில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள் வாயடைத்துப் போனது ஏன் அவ்வளவு பெரிய பாவம் என்பதும் பிள்ளைகளுக்குப் புரியாது. பிறகு போர் முடிகிற பதினெட்டாம் நாள் படுகளத்தில் அவள் கூந்தல் முடிகிறபோது அங்கே நிற்கிற பெண்கள் எதற்காகக் கும்பிடுகிறார்கள்?

அந்தக் காட்சியை நம் ஆட்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நாம் பார்த்துப் பழகியதால் அதில் இருக்கிற வேலை நம் கண்ணில் படுவதில்லை. நடுச்சாமம் தாண்டியிருக்கும். துச்சாதனன் வேஷக்காரர் கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கட்டிக்கொண்டு, அதுவரைக்கும் களரியே (கூத்தாடும் இடமே) அதிர ஆடியவர், சீலையில் கை வைக்கப் போகிற நேரத்தில் சட்டென்று நின்றுவிடுவார். மத்தளம் அடங்கும். முகவீணைக் குழல் மட்டும் இழுத்துக்கொண்டிருக்கும். தட்டில் கற்பூரம் ஏற்றி வரும். எங்கள் ஊருக்கு வருகிற ஜமாவில், அவர் கோயில் இருக்கிற பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டு, எதிரே பெண் வேஷம் கட்டி நிற்கிறவரின் காலடியிலும் விழுவார். தாயே, இது வயிற்றுப்பாட்டுக்குக் கட்டின வேஷம், குற்றம் வைத்துக்கொள்ளாதே என்று சபை கேட்கச் சொல்வார். அந்தத் திரௌபதி யார்? சாயந்திரம் டீக்கடைக்குப் பின்னால் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது நாம் பார்த்த அதே அண்ணன். பகலில் கொத்து வேலைக்குப் போகிறவர். அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் முன் வரிசைக் கிழவிகள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குகிறார்கள். துச்சாதனன் இழுப்பது மேலே தனியாகச் சுற்றிய சீலை. உடம்பில் ஒரு விரற்கடை தெரியாது. கூட்டம் முழுக்க கோவிந்தா, கோவிந்தா என்கிறது. யாருக்காவது அருள் வந்துவிடும், மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அழுகை அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

ஒரு பெண்ணைத் தீட்டு நாளில் சபையில் துகிலுரிந்தான் என்பதை அப்படியே கண்ணெதிரே காட்டவும் முடியாது, சொல்லாமல் விடவும் முடியாது. அந்த நெருக்கடியில்தான் நம் ஆட்கள் மூளையைக் கசக்கியிருக்கிறார்கள். ஆணைப் பெண்ணாக்கினார்கள். இரவைத் தேர்ந்தெடுத்தார்கள். திரை பிடித்தார்கள். கற்பூரம் ஏற்றி மன்னிப்புக் கேட்டார்கள். அம்மனையே சாட்சிக்கு உட்கார வைத்தார்கள். இத்தனை ஏற்பாட்டையும் செய்து முடித்துவிட்டு, சொல்ல வேண்டியதை ஒரு சொல் குறைக்காமல் சொன்னார்கள். வாய்விட்டுப் பேசக் கூடாது என்ற கட்டுப்பாடு இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கலையே இந்த வடிவத்துக்கு வந்திருக்காது என்றுகூட எனக்குத் தோன்றும். வரியை வெட்டுகிறபோது, அந்தக் கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டு, அதற்குப் பதிலாக அவர்கள் கண்டுபிடித்ததை மட்டும் தூக்கி எறிகிறீர்கள்.

துகில் இரவு மட்டும் அப்படி என்று நினைக்க வேண்டாம். அருச்சுனன் தபசு அன்றைக்கு நட்ட பனைமரத்தில் வேஷக்காரர் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டு ஏறுகிறார். கீழே பிள்ளை இல்லாத பெண்கள் குளித்து ஈரச் சீலையோடு முந்தானை ஏந்தி நிற்கிறார்கள், மேலிருந்து எலுமிச்சம்பழம் விழும் என்று. மற்ற நாளில் அதே பெண்ணை வளைகாப்புக்குக் கூப்பிட நமக்கு வாய் வராது. கூப்பிட்டாலும் வளையல் பூட்டவிட மாட்டோம். அன்றைக்கு ஒரு நாள், எனக்குப் பிள்ளை இல்லை என்று ஊர் நடுவில் வந்து நின்று அவள் சொல்கிறாள். ஒருத்தரும் முகம் சுளிப்பதில்லை.

கர்ண மோட்சத்தை யோசித்துப் பாருங்கள். பாரதத்தில் மட்டுமா, நம் பக்கத்தில் சாவு வீட்டில் காரியத்தன்று இரவும் அதைத்தானே வைக்கிறோம். கல்யாணத்துக்கு முன்னால் பெற்ற பிள்ளையை ஆற்றில் விட்ட தாய், பிறப்பு தெரியாதவன் என்று புருஷனைக் கிட்டே சேர்க்காத பொன்னுருவி, தேரோட்டி வளர்த்த பிள்ளை என்று சபையில் பட்ட அவமானம்: இவ்வளவும் ஓர் இரவில் வந்துவிடுகிறது. கன்னி கழியாதவள் பெற்ற பிள்ளை, சாதி தெரியாத மாப்பிள்ளை என்பதெல்லாம் நம் வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுக்கிற விஷயங்கள். ஆனால் செத்தவருக்கு மோட்சம் கிடைக்க நாம் ஏற்பாடு செய்கிற கதை அதுதான். பொன்னுருவி திட்டுகிற பாட்டுக்குக் கூட்டம் சிரிக்கிறது, கர்ணன் போருக்கு விடைபெறும்போது அதே கூட்டம் மூக்கைச் சிந்துகிறது. சாவு வீட்டுக்காரர்களும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். துக்கத்தில் இருக்கிறவர்களைச் சிரிக்கவிட்டுப் பிறகு அழவைக்க வேண்டும் என்று எந்த வாத்தியாருக்கு முதலில் தோன்றியதோ, அவருக்கு ஒரு கும்பிடு.

அரவான் களபலியில்தான் நம் ஊர் புத்தி எனக்கு மிகவும் பிடித்தது, மிகவும் கசந்ததும் அங்கேதான். பாண்டவர் வெற்றிக்காக நாளைக்குப் பலியாகப் போகிறவன் இன்றைக்குக் கல்யாணம் வேண்டும் என்று கேட்கிறான். யாரும் பெண் தர மாட்டார்கள். கிருஷ்ணனே பெண் உருவெடுத்து வந்து தாலி கட்டிக்கொள்கிறான். இந்தக் கதையைப் பற்றிக்கொண்டுதான் கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமிக்குத் திருநங்கைகள் கூடுகிறார்கள். இரவு பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள், மறுநாள் அரவான் தேர் அழுகளத்துக்குப் போனதும் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சீலை கட்டி ஒப்பாரி வைக்கிறார்கள். ஆணா பெண்ணா என்ற கேள்விக்கு ஊரிடம் பதில் இல்லாத காலத்தில், அந்தக் கதை அவர்களுக்கு ஓர் இடம் கொடுத்தது. தமிழ்நாட்டில் 2008இல் அவர்களுக்கென்று நலவாரியம் வந்தது, நாட்டிலேயே முதலாவதாக. உச்ச நீதிமன்றம் 2014இல் மூன்றாம் பாலினமாக அவர்களை அங்கீகரித்தது. கதை அதற்கெல்லாம் எத்தனையோ காலம் முன்னாலேயே வழிவிட்டிருந்தது. ஆனால் அரவானுக்காக அழுகிற அதே ஊரில் ஒரு திருநங்கைக்கு வாடகைக்கு வீடு கிடைக்குமா? நீங்களே சொல்லுங்கள்.

அந்தக் கசப்பு எனக்கும் தெரியும். மரபு எல்லாவற்றையும் பேசிவிட்டது, நாம்தான் கெட்டுப்போனோம் என்று பழம்பெருமை பாட நான் வரவில்லை. மரபு ஒரு கதவைத் திறந்துவிட்டு இன்னொன்றை இழுத்துச் சாத்திக்கொண்டது. விலக்கானதை வாய்விட்டுச் சொன்ன திரௌபதியை அம்மன் என்று கும்பிடுகிறோம். அதே நிலையில் இருக்கிற பெண் அவள் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. சபைக்கு இழுத்து வந்த அன்றைக்கு அம்மன் எந்த நிலையில் இருந்தாள் என்பதை யோசித்துவிட்டு இந்தச் சட்டத்தை யாராவது எனக்கு விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன். என் பாட்டியிடம் சின்ன வயசில் கேட்டேன். அம்மனுக்கு ஆகும், நமக்கு ஆகாது என்றாள். அதற்கு மேல் கேட்டால் அடி விழும் என்று தெரிந்ததால் விட்டுவிட்டேன். சாதியில் இது இன்னும் மோசம். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தலித் மக்கள் உள்ளே வந்து கும்பிடக் கூடாது என்ற தகராறில் 2023 ஜூன் மாதம் திரௌபதி அம்மன் கோயிலுக்கே சீல் வைக்கும்படி ஆனது. பிறப்பைக் காட்டி இழிவு செய்யப்பட்ட கர்ணனுக்காக விடிய விடிய அழுகிற மாவட்டங்கள்தான் இவை.

கட்டியக்காரனுக்கு வருகிறேன். உங்களுக்கு அவன்மேல்தான் அதிகக் கோபம் என்று கேள்வி. திரைக்குப் பின்னால் ராஜா விருத்தம் பாடி முடித்து, திரை விலகினதும் முதல் ஆளாகப் போய் நீர் யார், எந்த ஊர், என்ன ஜோலியாக வந்தீர் என்று கேட்கிறவன் அவன். மகாராஜாவாக இருந்தாலும் அவனுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் சிம்மாசனத்தில் உட்கார வேண்டும். ராஜா பேசுகிற பெரிய தமிழை நம் தெருத் தமிழில் அவன் மாற்றிச் சொல்வான். மாற்றுகிற சாக்கில் நடுவே ஊர்க் கதையைச் செருகுவான். குழாயில் தண்ணீர் வராதது, ரேஷன் அரிசி, வட்டிக்காரன், ஓட்டுக்குக் கொடுத்த பணம் எல்லாம் துரியோதனன் சபையில் வந்துவிடும். வேஷம் கட்டியிருக்கிறவனை யார் பிடித்து ஏன்டா சொன்னாய் என்று கேட்பது? போன பாரதத்தில் நன்கொடைக் கணக்கைப் பற்றி அவன் கேட்ட ஒரு கேள்வி இன்னும் யாரையோ உறுத்திக்கொண்டிருக்கிறது, அதனால்தான் இந்த நிபந்தனை என்று டீக்கடையில் பேச்சு. நான் நம்பவில்லை. முழுக்க நம்பாமலும் இல்லை.

மேடைப் பேச்சைப் பார்த்து அரசாங்கமே பயந்திருக்கிறது. 1876இல் வெள்ளைக்காரன் நாடகத்தைத் தடைசெய்யச் சட்டம் போட்டான். சுதந்திரம் வந்தபின் 1954இல் நம் மாநிலமும் தனக்கென்று ஒரு நாடகச் சட்டம் போட்டுக்கொண்டது. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளைச் செல்லாது என்றது. நாடகத்துக்காவது எழுத்துப்படி உண்டு. கட்டியக்காரன் பேச்சுக்கு எந்தக் காலத்தில் எழுத்துப்படி இருந்தது? அன்றைக்கு அந்த ஊரில் அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் அவனுக்கு வாயில் வருவதுதான். கோர்ட்டே கூடாது என்ற முன் தணிக்கையைக் குழு கையில் எடுத்துக்கொள்வது நன்றாக இல்லை.

அதற்காக அவன் பேசுவதெல்லாம் எனக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நடுச்சாமத்துக்குமேல் அவன் பேச்சில் பாதி பெண்களைப் பற்றியது. ஐந்து புருஷர்களை வைத்து அவன் சொல்கிற சிரிப்புகளில் ஒன்றிரண்டு நிஜமாகவே கெட்டிக்காரத்தனமானவை. ஒரு பெண்ணை ஐந்து பேருக்குப் பங்கு வைத்த நியாயத்தையே அவை கேலி செய்கின்றன. மிச்சமெல்லாம் கேட்கக் கூசுகிறவை. கறுப்பாக இருக்கிறவளை, திருநங்கை நடையை, கீழ்த்தெரு ஆட்களை வைத்துப் பிழைக்கிற சிரிப்பு. ராஜாவை நோக்கித் திரும்ப வேண்டிய வாய், அடி வாங்கியவர்களையே மறுபடி அடிக்கிறது. இதற்கு அவனை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். முன் வரிசையில் தண்ணி போட்டுவிட்டு உட்கார்ந்து, அந்த மாதிரி சிரிப்பு வந்ததும் எழுந்து போய் அவன் சட்டையில் நூறு ரூபாய் நோட்டைக் குத்திவிட்டு, குத்தினவன் பேரை மைக்கில் சொல்லச் சொல்கிறார்களே, அவர்கள் யார்? நம் பிள்ளைகள்தான். நோட்டு எந்தச் சிரிப்புக்கு விழுகிறதோ அந்தச் சிரிப்புதான் அடுத்த ஊரிலும் வரும். குழு கை வைக்க வேண்டிய இடம் அது. நோட்டுக் குத்துவதை நிறுத்தி, அன்பளிப்பை விடிந்தபின் ஜமாவுக்குப் பொதுவாகக் கொடுக்கச் சொல்லுங்கள். பாதிச் சிக்கல் அத்தோடு தீரும். மீதிக்கு வாத்தியாரோடு உட்கார்ந்து பேசலாம். அவர்கள் நம்மைவிடப் பக்குவமானவர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டியக்காரன் ஆண், வாத்தியார் ஆண், திரௌபதியும் ஆண் என்று இருக்கிற இடத்தில் பெண்ணைப் பற்றிய பேச்சு இப்படித்தான் போகும். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் பெருங்கட்டூர் ராஜகோபால் வாத்தியாரும் ஹன்னே டி புரூயினும் சேர்ந்து 2002இல் கட்டைக்கூத்துக் குருகுலம் தொடங்கி, ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளுக்கும் வேஷம் கட்டக் கற்றுக்கொடுத்தார்கள். பெண்ணுக்குப் புஜக்கட்டை தாங்குமா, ராத்திரி முழுக்க ஆடுகிறவளை எவன் கட்டிக்கொள்வான் என்று நம் பக்கத்தில் பேசாத பேச்சில்லை. அங்கே படித்த பிள்ளைகள் கிரீடம் கட்டி ஆடினார்கள். களரிக்குள் பெண் வந்ததும் எந்தச் சிரிப்பு எடுபடும், எது எடுபடாது என்பது தன்னாலேயே மாறும். தடை போட்டு மாற்றுவதைவிட இது நல்ல வழி இல்லையா?

பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்ற உங்கள் கவலைக்குப் பதில் சொல்லாமல் போனால் என் வாத்தியார் வேலைக்கு அழகில்லை. எங்கள் பள்ளியில் புதுயுகம் திட்டத்தில் பெண்பிள்ளைகளுக்கு நாப்கின் கொடுக்கிறோம். வாங்குகிற பிள்ளை அதைத் தினசரிப் பேப்பரில் சுற்றி, அதைப் பாவாடை மடிப்பில் மறைத்து, நடைவழியில் யாரும் வருகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்கு ஓடும். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இனப்பெருக்கப் பாடம் வரும்போது பையன்கள் பக்கம் இருமல் கிளம்பும், பெண்கள் பக்கம் தலை கவிழும். வயிற்று வலி என்று வருகிறவளிடம் என்ன வலி என்று கேட்டால் கண்ணில் தண்ணீர்தான் பதில். இதே பிள்ளை வயசுக்கு வந்த அன்றைக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? பேருந்து நிறுத்தத்தில் ஆள் உயரத்துக்கு பேனர் கட்டினீர்கள். மஞ்சள் நீராட்டு விழா என்று கொட்டை எழுத்தில் போட்டு, அவள் படத்தோடு மாமன்மார் படங்களையும் கட்சித் தலைவர்கள் படங்களையும் அச்சடித்தீர்கள். சீர்வரிசைத் தட்டு, மேளம், பாட்டுக் கச்சேரி, மொய். ஒன்றியத்துக்கே தெரியும்படி அறிவித்த விஷயத்தை மறுமாதத்திலிருந்து அவள் வாயே திறக்கக் கூடாது. அந்த பேனரில் எதுவும் ஆபாசமாகத் தெரியாத நமக்குத் துகில் இரவில் ஒரு வரி மட்டும் ஆபாசமாகத் தெரிகிறது.

என் வகுப்பில் ஒரு முறை பாடம் நகராமல் நின்றபோது பகடை துகிலில் திரௌபதி ஏன் சபைக்கு வர மாட்டேன் என்றாள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு கூத்துக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து, அவங்க விலக்கா இருந்தாங்க டீச்சர், ஒத்தத் துணியோட இருந்தாங்க, அதனாலதான் துச்சாதனனுக்கு அவ்வளவு பெரிய பாவம் வந்துச்சு என்றான். கூச்சமே இல்லை. கதை சொல்கிற குரல். வகுப்பில் ஒருத்தரும் இருமவில்லை. அதற்குப்பின் கருப்பையின் படத்தை நான் கரும்பலகையில் வரைந்தேன், பாடம் நடந்தது. புத்தகமும் நானும் செய்ய முடியாததை அவன் அப்பாவின் ஜமா செய்துவைத்திருக்கிறது. வெட்டச் சொல்கிற வரியில் இருப்பது இதுதான்.

நேரத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். இப்போது பல ஊர்களில் கூத்தை மூன்று மணி நேரத்துக்குள் முடிக்கச் சொல்கிறார்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக வருஷத்தில் 15 நாளுக்கு மேற்படாமல் 12 மணிவரை அரசு தளர்த்தலாம். விதி விதிதான், அதை மீறச் சொல்ல மாட்டேன். ஆனால் மைக் இல்லாமல் ஆடின கலை இது. மூன்று மணி நேரமாக்கினால் முதலில் போவது எது தெரியுமா? சண்டையும் குதியாட்டமும் போகாது. பாத்திரங்கள் வாதாடுகிற தருக்கம் போகும், புலம்பல் போகும், திரௌபதி சபையில் ஒவ்வொருவராகப் பார்த்துக் கேட்கிற கேள்விகள் போகும். தணிக்கை என்று பேரே சொல்லாமல் தணிக்கை நடந்துவிடும். அனுமதித்த நேரம் முடிந்ததும் மைக்கை அணைத்துவிட்டுச் சின்னக் களரியாக நடத்திப் பாருங்கள். நெருங்கி உட்கார்ந்தால் காது கேட்கும். வாத்தியார்களின் தொண்டையை நம்புங்கள்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். தாம்பூலத் தட்டில் நிபந்தனைச் சீட்டு வைக்காதீர்கள். பகடை துகிலை வெட்டாமல் நடத்தவிடுங்கள். அன்றைக்குக் களரியின் முன்பக்கம் ஒரு பாதியைப் பெண்களுக்கு என்று கயிறு கட்டி ஒதுக்குங்கள், குடித்துவிட்டு வருகிறவர்கள் பின்னால் நிற்கட்டும். கீழ்த்தெருவில் நன்கொடை வாங்குகிறீர்கள் என்றால் பாய் போடும்போதும் அவர்களுக்கு அதே வரிசையில் இடம் இருக்க வேண்டும். வாங்குவதில்லை என்றால், அதை முதலில் பேசித் தீர்த்துவிட்டு அப்புறம் கொடியேற்றுங்கள். கோயில் வாசலில் யார் வரலாம், எந்த நாளில் வரலாம் என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிற பலகையைக் கழற்றச் சொல்லிக் கேட்டால் ஒரே வருஷத்தில் நடக்காது என்று தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன்.

துகில் இரவின் செலவில் ஒரு பங்கை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஜமாவுக்குச் சாப்பாடும் தங்க இடமும் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வாத்தியாருக்குத் தாம்பூலம் கொடுக்க எந்த நாளில் போகிறீர்கள் என்று சொல்லி அனுப்புங்கள், நானும் கூட வருகிறேன். பொம்பளை எதற்கு அங்கே என்று யாராவது கேட்டால் அதையும் அன்றைக்கே வாத்தியார் முன்னால் வைத்துப் பேசிவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி